அரை நாள் பூவும் மேய்ச்சல் மாடும்

காலையில் விரிந்து, பொழுது சாய்வதற்குள் சுருண்டுவிடும். தென் அமெரிக்கப் புல்வெளிகளில் வளரும் ஐரிஸ் குடும்பத்துக் காட்டுப் பூக்கள் பலவற்றின் ஆயுள் இவ்வளவுதான். இதுவரை யாரும் பதிவு செய்யாத புதிய இனமாக இருந்தால், அந்தச் சில மணி நேரத்துக்குள் ஆய்வாளர் கண்ணில் பட வேண்டும்.

தெற்கு பிரேசில், உருகுவே, அர்ஜென்டினா என மூன்று நாடுகளில் பரந்து கிடக்கிறது 'பாம்பா' புல்வெளி. சைபெல்லா, ஹெர்பெர்ஷியா போன்ற செடிகளுக்கு இதுவே தாய்மண். குங்குமப்பூவும், பூங்கொத்துகளில் நாம் பார்க்கும் கிளாடியோலஸும் இவற்றின் உறவுகள்தாம். இலை மெலிந்து நீண்டிருப்பதால், பூக்காத நாளில் புல்லோடு புல்லாக மறைந்துவிடும். சைபெல்லா பூவிதழில் உள்ள நுண்ணிய மயிர்கள் எண்ணெய் சுரக்கின்றன. சிலவகைக் காட்டுத் தேனீக்கள் அந்த எண்ணெயை மகரந்தத்தோடு கலந்து குஞ்சுகளுக்கு உணவாக வைக்கின்றன.

புதிய இனம் என்று சொல்லிவிட்டால் போதாது. காய்ந்ததும் பூவின் வடிவம் கெட்டுவிடும் என்பதால், செடி நிற்கும் இடத்திலேயே இதழை அளந்து, நிறத்தைக் குறித்து, படம் எடுக்கிறார்கள். பிறகு, முன்பே பெயர் பெற்ற உறவுச் செடிகளோடு ஒப்பிடுகிறார்கள். உலர்த்திய ஒரு செடி, அந்த இனத்துக்கான மூல மாதிரியாகத் தாவரக் காப்பகத்தில் வைக்கப்படும். பெயர் லத்தீன் முறையில் அமைய வேண்டும். விளக்கத்தையும் லத்தீனில்தான் எழுத வேண்டும் என்றிருந்த விதி, 2012 முதல் தளர்ந்து ஆங்கிலத்துக்கும் இடம் தந்தது.

இத்தனைக்கும் முதலில் செடி உயிரோடு இருக்க வேண்டும். வெங்காயம் போன்ற கிழங்கு மண்ணுக்குள் இருப்பதால், மாடு கடித்தாலும் மேலே தீ பரவினாலும் செடி மறுபடி துளிர்க்கும். அளவான மேய்ச்சல் இதற்கு உதவியும் செய்கிறது. உயரமான புல்லும் புதரும் மூடாமல், குட்டைச் செடிகளுக்கு வெயில் கிடைக்கிறது. ஆனால், புல்வெளியை உழுது சோயா விதைத்தாலோ, தைலமரத் தோப்பாக மாற்றினாலோ பிழைக்க வழியில்லை.

அப்படி மாறிய நிலங்கள் அங்கே ஏராளம். மிஞ்சிய பூக்கள் பலவும், உழாமல் மாடு மேய்த்து வாழும் குடும்பங்களின் நிலத்தில்தான் இருக்கின்றன. அந்தப் புல்லுக்கு நல்ல விலை கிடைத்தால்தான், பெயர் வைப்பதற்கும் பூ இருக்கும்.