ஸ்ரீபெரும்புதூர் வழக்கை நடத்திய அதிகாரி

படப்பையிலிருந்து வாலாஜாபாத் சாலையில் போய், ஒரகடம் கூட்டுச்சாலையில் வலப்பக்கம் திரும்பினால் ஸ்ரீபெரும்புதூர். இன்று வழிநெடுக வாகன ஆலைகள் நிற்கும் இந்த வட்டாரம் 1991 மே 21 இரவுதான் உலகச் செய்தியில் இடம்பெற்றது. அங்கே நடந்த ராஜீவ் காந்தி கொலையைத் துப்பறியும் பொறுப்பு டி.ஆர். கார்த்திகேயனிடம் வந்தது.

கோவை மாவட்டத்துக்காரரான அவர் வேளாண்மையும் சட்டமும் படித்து, 1964-இல் கர்நாடகப் பிரிவு ஐ.பி.எஸ். அதிகாரியானார். மாஸ்கோவில் இந்தியத் தூதரகத்திலும் பணியாற்றியவர். கொலை நடந்தபோது ஹைதராபாத்தில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் ஐ.ஜி. வழக்கு சி.பி.ஐ. வசம் போனதும், சிறப்புப் புலனாய்வுக் குழுவின் தலைவராக சென்னை கிரீன்வேஸ் சாலையிலுள்ள 'மல்லிகை' கட்டடத்தில் அமர்ந்தார்.

குழுவின் கையில் முதலில் இருந்த உருப்படியான தடயம் ஒரு கேமரா. குண்டுவெடிப்பில் இறந்த புகைப்படக்காரர் ஹரிபாபுவின் உடலோடு கிடந்த அது சேதமாகவில்லை. உள்ளே பத்துப் படங்கள். சந்தன மாலையோடு நிற்கும் பெண், பத்திரிகையாளர் தோரணையில் வெள்ளை உடையில் ஒருவர், கடைசியாக வெடிப்பின் நெருப்பு. அந்த வெள்ளை உடைக்காரர் விடுதலைப் புலிகள் இயக்கத்தின் சிவராசன் என்று தெரிந்த பிறகு வழக்குக்கு உருவம் கிடைத்தது.

ஆனால் தேடப்பட்டவர்களிடம் சயனைடு குப்பி இருந்தது. அவர்களை உயிரோடு பிடிப்பதே பெரும்பாடு. பெங்களூர் கோணனகுண்டேயில் ஆகஸ்ட் 20 காலை கமாண்டோக்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தபோது சிவராசன் உட்பட ஏழு பேரும் பிணமாகக் கிடந்தார்கள். வீட்டைச் சுற்றி வளைத்த பிறகும் காத்திருந்தது ஏன் என்ற கேள்வி குழுவை விடாமல் துரத்தியது, நியாயமான கேள்விதான்.

கொலையின் முதலாண்டு நிறைவுக்கு முந்தைய நாள், 1992 மே 20 அன்று, 41 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. அவர்களில் 12 பேர் இறந்துவிட்டார்கள், மூவர் தலைமறைவு. எஞ்சிய 26 பேருக்கும் பூந்தமல்லி தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று மரண தண்டனை விதித்தது. மூன்றே நாளில் கார்த்திகேயன் சி.பி.ஐ. இயக்குநர் பொறுப்பில் அமர்ந்தார். அந்தப் பதவி இரண்டு மாதம்தான். பின்னர் தேசிய மனித உரிமை ஆணையத்தின் புலனாய்வுத் தலைமை, 2010-இல் பத்மஸ்ரீ.

தடா வழக்கு என்பதால் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தைத் தொடாமல் நேரே உச்ச நீதிமன்றம் போனது. 1999 மே 11 அன்று அது 19 பேரை விடுவித்து, நால்வருக்கு மரண தண்டனையை உறுதிசெய்து, மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது. இந்தக் கொலை தடா சட்டப்படியான பயங்கரவாதச் செயல் ஆகாது என்ற நீதிமன்றம், அதே சட்டத்தின் கீழ் போலீஸ் அதிகாரி எழுதி வாங்கிய வாக்குமூலங்களை மட்டும் ஏற்றது. வழக்கின் பலமும் பலவீனமும் இங்கேதான். மரண தண்டனை உறுதியான நால்வரில் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே, வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதை எழுதவில்லை என்று 2013-இல் கூறினார்.

புகைப்படத்திலிருந்து சதியைப் பிடித்தது கார்த்திகேயன் குழுவின் சாதனை. வாக்குமூலத்தை அந்த அளவுக்கு நம்பியது அதன் குறை. தண்டனை உறுதியான ஏழு பேரும் 2022-இல் விடுதலையானார்கள்.