கண்ணுக்குத் தெரியாத குடித்தனக்காரர்கள் – 14: மாத்திரை விழுங்காத நாய்

சென்ற வாரம் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கோடு நிறுத்தியிருந்தோம். கோழி, கால்நடை, மீன் வளர்ப்பில் அந்த மருந்துக்கு மத்திய அரசு 2019-இல் தடை போட்டது. சரி, பண்ணையில் மருந்துக்குப் பழகிவிட்ட கிருமி பண்ணையோடு நின்றுவிடுமா?

கிழக்கு டெல்லியில் காஜிப்பூர் என்று ஓர் இடம். கோழிச் சந்தை, மீன் சந்தை, இறைச்சிக்கூடம் எல்லாம் அங்கேதான். 1984 முதல் கொட்டிய குப்பை பக்கத்திலேயே மலையாக எழுந்து நிற்கிறது. மேலே கரும்பருந்துகள், கீழே நாய்கள். குடலோ தலையோ காலோ, கிடைத்ததைப் பச்சையாகவே கவ்விக்கொண்டு ஓடும். கோழியின் குடலில் மருந்துக்கு அடங்காத ஈகோலை பாக்டீரியா இருந்தால், அது நாயின் வயிற்றுக்குக் குடிபோக அந்த ஒரு வாய் போதும். நாய்க்குக் காய்ச்சல் வராது, இளைக்காது. பார்த்தால் எதுவும் தெரியாது. ஆனால் அது எங்கெல்லாம் மலம் கழிக்கிறதோ, அங்கெல்லாம் அந்தக் கிருமியும் இறங்கும். வீடு கட்டக் கொட்டிய மணலில் நாயும் படுக்கிறது, குழந்தையும் விளையாடுகிறது.

உள்ளே நடப்பது இன்னும் வில்லங்கம். மருந்தை முறிக்கும் மரபணுவைப் பாக்டீரியா பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் வைத்திருக்கும். அதைப் பக்கத்திலிருக்கும் பாக்டீரியாவுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடும். ஈகோலையிடமிருந்து கிளெப்சியெல்லா என்ற வேறொரு பாக்டீரியாவுக்குப் போக ஜாதி, இனம் எதுவும் தடையில்லை. ஒரு மாத்திரைகூட விழுங்காத நாயின் குடலில் செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கை உடைக்கும் நொதி இப்படித்தான் வந்து சேர்கிறது.

குடிக்கும் தண்ணீரும் லேசுப்பட்டதல்ல. கடைசிக் கட்ட மருந்தான கார்பபெனெமையும் செயலிழக்கச் செய்வது என்.டி.எம்-1 மரபணு. 2011-இல் வெளியான ஆய்வில், டெல்லித் தெருக்களில் தேங்கியும் ஓடியும் கிடந்த நீரின் 171 மாதிரிகளில் 51-இல் அது இருந்தது; குழாய்த் தண்ணீரில் 50-க்கு 2. தெருநாய் குடிப்பது எந்தத் தண்ணீரை என்று சொல்ல வேண்டியதில்லை.

2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், அதே மாதத்தில் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்லி மாற்றியது; வெறிபிடித்ததும் மூர்க்கமானதும் விலக்கு. கிருமிக் கணக்கில் பார்த்தாலும் இரண்டாவது தீர்ப்புதான் எனக்குச் சரியாகப் படுகிறது. நெருக்கி அடைத்த நாய்களிடையே தோல்கிருமியும் குடல்கிருமியும் வேகமாகப் பரவும். நாய்களை அகற்றிவிட்டுக் குப்பையை அப்படியே விட்டால், கிருமி பரப்பும் வேலையை எலியும் காக்கையும் பார்த்துக்கொள்ளும்.

கடி விஷயத்துக்கு வருவோம். நாயின் தோலிலும் வாயிலும் இருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் சூடிண்டர்மீடியஸ் என்ற பாக்டீரியாவில் மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு மசியாத வகையும் உண்டு. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். உடனே தடுப்பூசிக்கு ஓடுங்கள். வெறிநோய் வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதன் பக்கத்தில்கூடப் போகாது. பல் ஆழமாக இறங்கியிருந்தால் எந்த ஆன்டிபயாடிக் என்று மருத்துவர் சொல்லட்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய நாலு மாத்திரையை இரண்டே நாளில் நிறுத்துபவர்களைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)