கீழே மேல்காற்று, மேலே கீழ்காற்று!

மாடியில் உலர்த்திய புடவையை அசைக்கும் காற்றை நாம் அறிவோம். 16 கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றை யார் அறிவார்?

ஆந்திராவில் திருப்பதிக்கு அருகே காதங்கி என்ற சிற்றூர் அறியும்! அங்குள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடத்தில், 1990-களின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட ரேடார் ஒன்று இருக்கிறது. சுழலும் கிண்ணம் அதற்குக் கிடையாது. பழைய டெலிவிஷன் ஏரியல் போன்ற 1,024 ஏரியல்கள், வரிசைக்கு 32 வீதம், நட்ட நாற்றுப் போல் நிற்கின்றன.

சாதாரண மழை ரேடார் துளிகளைத்தான் தேடும். இதுவோ மேகமில்லாத வானிலும் காற்றையே காண்கிறது! காற்றின் சுழிப்புகள் ரேடியோ அலையில் ஒரு துளியளவைத் திருப்பி அனுப்புகின்றன. ரயில் நெருங்கும்போது விசில் உச்சத்தில் ஒலித்து, விலகும்போது தணிகிறதல்லவா? அதுபோல் திரும்பி வரும் அலையின் மாறுதலைக் கொண்டு காற்றின் வேகத்தையும் திசையையும் கணக்கிடுகிறார்கள்.

இதனால் என்ன லாபம் என்கிறீர்களா? தென்மேற்குப் பருவத்தில், கீழே மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று. உயரே கிழக்கிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டரையும் மிஞ்சிப் பாயும் கீழ்காற்று! இரண்டும் பருவமழையோடு பிணைந்தவை. பறக்கவிட்ட பலூன் காற்றோடு போய்விடும். ரேடாரோ நின்ற இடத்திலிருந்தே, சில நிமிஷங்களுக்கொரு முறை அளந்து சொல்லும்.

நம் வீட்டுக் குடம் நிறைவதும் நிறையாததும் அந்த உயரத்துக் காற்றையும் பொறுத்ததுதானே!