வேர்ப்பட்டையின் கசப்பும் சிறுநீரகத்தின் ரகசியமும்

நீரிழிவு என்னும் வியாதியை மனிதன் ஆதியில் அடையாளம் கண்டுகொண்டது சிறுநீரைக் கொண்டுதான். நோயாளியின் நீரை எறும்பு மொய்ப்பதை நம் நாட்டு ஆயுர்வேத ஆசிரியர்கள் கவனித்து எழுதிவைத்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் வில்லிஸ் என்னும் வைத்தியர் அந்த நீரின் இனிப்பைத் தம் நூலில் பதிவுசெய்தார். சிறுநீரில் சர்க்கரை இறங்குவது கேட்டின் அறிகுறி, அது நின்றுபோவது குணத்தின் அறிகுறி என்பது பல நூற்றாண்டுகளாக ஐயத்துக்கு இடமில்லாத சித்தாந்தமாக இருந்துவந்தது. அப்படியிருக்க, இன்று உலகமெங்கும் நீரிழிவுக்காரர்களுக்கு எழுதிக்கொடுக்கப்படும் ஒருவகை மாத்திரை, அந்தச் சர்க்கரையை நிறுத்தாமல், நாள் ஒன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரை வேண்டுமென்றே சிறுநீரில் வெளியேற்றுகிறது என்றால், பழைய வைத்தியர்கள் அதை மருந்து என்று ஒப்புக்கொண்டிருப்பார்களா என்பது சந்தேகமே. இந்த விசித்திரமான மருந்தின் பூர்விகம் ஆப்பிள் மரத்தின் வேரில் இருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கசக்கும் மரப்பட்டையில் ஜுரத்துக்கு மருந்து இருக்கும் என்ற நம்பிக்கை ஐரோப்பிய ரசாயன சாஸ்திரிகளிடையே பலமாக வேரூன்றியிருந்தது. சின்கோனாப் பட்டையிலிருந்து 1820-இல் குவினைனும், வில்லோ மரப்பட்டையிலிருந்து 1828-இல் ஸாலிஸினும் பிரித்தெடுக்கப்பட்டிருந்தபடியால், அந்த நம்பிக்கைக்கு ஆதாரமும் இருந்தது. அதே வழியில் 1835-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த த கோனிங்க், ஸ்தாஸ் என்னும் இருவர் ஆப்பிள் வேரின் பட்டையை ஆராய்ந்து, அதிலிருந்து கசப்பான ஒரு படிகப் பொருளைப் பிரித்தார்கள். ஃப்ளோரிஸின் என்று பெயர் பெற்ற அந்தப் பொருள் ஜுரத்துக்குப் பிரயோகித்துப் பார்க்கப்பட்டது. குவினைனுக்குக் கிடைத்த கீர்த்தியோ அதற்குக் கிடைக்கவில்லை.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அப்போது ஜெர்மனியின் ஆதிக்கத்தில் இருந்த ஸ்ட்ராஸ்பர்க் நகரில், ஜோஸப் ஃபான் மேரிங் என்ற வைத்தியர் இந்தப் பொருளை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். நாய்களின் சிறுநீரில் சர்க்கரை ஏராளமாக இறங்கியது. ஆனால் அவற்றின் ரத்தத்தில் சர்க்கரை ஏறவே இல்லை. 1886-இல் அவர் வெளியிட்ட இந்தச் செய்தி, செயற்கையாக நீரிழிவை உண்டாக்கும் வழி ஒன்று அகப்பட்டுவிட்டது என்ற எண்ணத்தைப் பரப்பியது. ‘ஃப்ளோரிஸின் நீரிழிவு’ என்ற சொல்லே சாஸ்திர உலகில் வழக்குக்கு வந்தது. ஆனால் அதே மேரிங், ஆஸ்கார் மின்கோவ்ஸ்கியுடன் சேர்ந்து 1889-இல் ஒரு நாயின் கணையத்தை அறுத்தெடுத்தபோது, ரத்தத்திலும் சிறுநீரிலும் ஒருங்கே சர்க்கரை பெருகிய மெய்யான நீரிழிவு அந்தப் பிராணிக்கு வந்தது. ஆராய்ச்சியாளர்களின் கவனம் முழுவதும் கணையத்தின்பால் திரும்பிற்று. 1921-இல் டொரான்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டதும் அந்த வழியில் விளைந்த பயனே.

ஃப்ளோரிஸின் ஆராய்ச்சிக்கூடத்தின் அலமாரியில் ஒரு கருவியாக ஒதுங்கிவிட்டது. அமெரிக்காவில் கிரஹாம் லஸ்க் போன்றவர்கள், பட்டினி கிடக்கும் நாய்க்கு அதைக் கொடுத்து, சிறுநீரில் இறங்கும் சர்க்கரையையும் நைட்ரஜனையும் ஒப்பிட்டு, புரதத்திலிருந்து சரீரம் எவ்வளவு சர்க்கரையை உற்பத்தி செய்துகொள்கிறது என்று கணக்கிட்டார்கள். நோயைப் பற்றிய விசாரணைக்கு உதவிய அந்தப் பொருள், நோய்க்கே மருந்தாகக்கூடும் என்ற எண்ணம் அக்காலத்தில் வேர்விடவில்லை. சிறுநீரகம் சர்க்கரையை என்ன செய்கிறது என்பது விளங்காத வரையில் அந்த எண்ணம் பிறப்பதற்கு வழியும் இல்லை.

சிறுநீரகத்தின் காரியம் மேலோட்டமாகப் பார்ப்பதற்கு வீண்செலவாகத் தோன்றக்கூடியது. களத்து நெல் முழுவதையும் வெளியே கொட்டி, மணிகளை மட்டும் திரும்ப வாரிக்கொண்டு பதரை விட்டுவிடுகிற குடியானவனைப் போல, அது ரத்தத்திலிருந்து நாள்தோறும் சுமார் 180 லிட்டர் நீரை நுண்குழாய்களுக்குள் வடித்துவிட்டு, வேண்டியவற்றையெல்லாம் மறுபடியும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்த நீரோடு வடிந்துபோகும் சர்க்கரையும் ஏறக்குறைய 180 கிராம். ஆரோக்கியமான சரீரத்தில் அது அநேகமாக முழுவதும் திரும்பிவிடுகிறது. ரத்தத்தில் சர்க்கரை ஓர் எல்லையைக் கடக்கும்போதுதான், வாரிக்கொள்ளும் சக்தி போதாமல், மிச்சம் சிறுநீரில் இறங்குகிறது. ஃப்ளோரிஸின் இந்த வாரிக்கொள்ளும் வேலையைத்தான் தடுக்கிறது என்பது, 1933-இல் ஹோமர் ஸ்மித்தும் அவருடைய சகாக்களும் மனிதர்களிடமே நடத்திய பரிசோதனைகளால் தெளிவாயிற்று.

வாரிக்கொள்ளும் கை எது? 1960-இல் பிராக் நகரத்தில் கூடிய ஒரு மாநாட்டில் ராபர்ட் கிரேன் என்பவர், சர்க்கரை தானாக உயிரணுவுக்குள் போவதில்லை என்றும், உள்ளே பாயத் துடிக்கும் சோடியத்தைத் துணைபற்றியே அது நுழைகிறது என்றும் ஒரு கொள்கையைச் சொன்னார். அவ்வாறு இரண்டையும் சேர்த்துச் சுமந்துசெல்லும் புரதத்தின் மரபணுவை 1987-இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ரைட்டின் குழுவினர் பிரித்தெடுத்தார்கள். எஸ்.ஜி.எல்.டி. 1 எனப்படும் அந்தப் புரதம் முக்கியமாகக் குடலில் வேலை செய்வது. அதன் உடன்பிறப்பான எஸ்.ஜி.எல்.டி. 2, சிறுநீரக நுண்குழாயின் முற்பகுதியில் அமர்ந்து, வடிந்த சர்க்கரையில் 10-இல் 9 பங்கை மீட்டுத் தருவது என்பது பின்னர் நிச்சயமாயிற்று.

இவ்விரண்டையும் பற்றி இயற்கையே இரண்டு பரிசோதனைகளை நடத்தி வைத்திருந்தது. குடலின் புரதம் பழுதுபட்டுப் பிறக்கும் சிசுக்களுக்குத் தாய்ப்பாலும் ஒத்துக்கொள்ளாமல் உயிருக்கு ஆபத்தான வயிற்றுப்போக்கு உண்டாகிறது. சிறுநீரகத்தின் புரதம் பழுதுபட்டுப் பிறப்பவர்களோ, வாழ்நாளெல்லாம் சிறுநீரில் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டே பெரும்பாலும் சுகமாக ஜீவிக்கிறார்கள். எதை அடைக்கலாம், எதை அடைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை. கணையத்தின் பெரும்பகுதியை இழந்து நீரிழிவுக்கு ஆளான எலிகளுக்கு ஃப்ளோரிஸினைக் கொடுத்தபோது, ரத்தச் சர்க்கரை இயல்புக்குத் திரும்பியதோடு, இன்சுலினுக்குச் செவிசாய்க்கும் திறனும் உடலுக்கு மீண்டது என்று ரோஸெட்டி, டிஃப்ரான்ஸோ முதலியோர் அதே 1987-இல் நிரூபித்தார்கள். மிகையான சர்க்கரை நோயின் விளைவு மட்டும் அன்று, நோயை வளர்க்கும் நஞ்சும் அதுவே என்ற உண்மை இதனால் வலுப்பெற்றது.

அப்படியானால் ஆப்பிள் வேரையே கஷாயம் வைத்துக் குடித்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். குடித்துப் பயனில்லை, பாலிலுள்ள சர்க்கரையை உடைக்கும் குடல் நொதியே ஃப்ளோரிஸினையும் இரண்டாக உடைத்துவிடுகிறது. உடையாமல் எஞ்சுவதும், அடைக்க வேண்டாத குடற்புரதத்தையும் சேர்த்து அடைக்கும். ஆகவே, சர்க்கரைக் கூறும் மற்றக் கூறும் ஆக்ஸிஜன் அணுவால் இணைந்திருந்த இடத்தில், நொதியால் அறுக்கமுடியாதபடி கார்பனை நேரே கார்பனோடு பிணைத்து, சிறுநீரகப் புரதத்தை மட்டும் பற்றும்படி மூலக்கூற்றின் உருவத்தைத் திருத்தியமைத்தார்கள். இவ்வாறு பிறந்த மருந்துகளுள் டாபாகிளிஃப்ளோஸின் 2012-இல் ஐரோப்பாவிலும், கானாகிளிஃப்ளோஸின் 2013-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றன. எம்பாகிளிஃப்ளோஸின் 2014-இல் வந்து சேர்ந்தது.

எதிர்பாராத பெரும்பேறு இதற்குப் பின்னரே தெரியவந்தது. நீரிழிவு மருந்துகள் இருதயத்துக்குத் தீங்கு செய்யவில்லை என்று காட்டியாக வேண்டும் என்று அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2008-இல் விதித்திருந்தது. அந்த விதியை நிறைவேற்றுவதற்காக, இருதய நோயும் நீரிழிவும் உடைய 7,020 பேரிடம் எம்பாகிளிஃப்ளோஸினைச் சோதித்தபோது, இருதய, ரத்தக்குழாய் நோய்களால் நேரும் மரணம் 38 சதவிகிதம் குறைந்திருப்பதாக 2015-இல் முடிவு வெளியாயிற்று. தீங்கில்லை என்று நிரூபிக்கப் புறப்பட்டவர்கள் நன்மையைக் கண்டு திகைத்தார்கள். டாபாகிளிஃப்ளோஸின், நீரிழிவே இல்லாத இருதயத் தளர்ச்சி நோயாளிகளுக்கும் பயன்படுவது 2019-இல் தெரிந்தது. சிறுநீரகம் பழுதடையும் வேகம் தணிவதும் அதே ஆண்டில் கானாகிளிஃப்ளோஸினைக் கொண்டு உறுதியாயிற்று. சர்க்கரையோடு சோடியமும் நுண்குழாயில் தங்கிப்போவதால், வடிகட்டிக்குள் நிலவும் அழுத்தம் தணிகிறது என்பது சிறுநீரகத்துக்குக் கிட்டும் நன்மைக்கு ஒரு காரணம். இருதயத்துக்குக் கிட்டும் நன்மைக்கோ காரணங்கள் பல கூறப்படுகின்றன, விவாதம் ஓய்ந்தபாடில்லை.

குறைகளும் இல்லாமலில்லை. இனிப்பான நீர் பிறப்புறுப்பில் பூஞ்சைக்கு இடங்கொடுக்கிறது. ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாதபோதே கீட்டோன் அமிலங்கள் பெருகி உயிருக்கு ஆபத்து நேர்வதும் உண்டு. பட்டினி கிடப்பவர்களும் அறுவை சிகிச்சைக்குச் செல்பவர்களும் வைத்தியரைக் கேட்டு முன்கூட்டியே மாத்திரையை நிறுத்திக்கொள்வது இதற்காகத்தான். அன்று ஃப்ளோரிஸின் கொடுக்கப்பட்ட நாய்களிடமும் இதே கீட்டோன்கள் காணப்பட்டன.

இது தனியொரு மருந்தின் சரித்திரம் என்று எண்ணிவிடலாகாது. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு மிகவும் பழக்கமான மெட்ஃபார்மினின் கதையும் இத்தகையதே. ஐரோப்பாவில் கலேகா என்ற செடியை மேய்ந்த ஆடுகள் நஞ்சேறி மடிந்தன. அந்தச் செடியிலிருந்து 1914-இல் பிரிக்கப்பட்ட கலேகின் சர்க்கரையைக் குறைத்தாலும், மனிதருக்குக் கொடுக்கத் தகாத நஞ்சாக இருந்தது. அதன் இனத்தைச் சேர்ந்த மெட்ஃபார்மின் 1922-இல் டப்ளினில் தயாரிக்கப்பட்டும், 1957-இல் பாரிஸைச் சேர்ந்த ஸான் ஸ்டெர்ன் தம் சிகிச்சை அனுபவத்தை வெளியிடும் வரையில் அதை மருந்தாக மதித்தவர் அரிது.

இந்தியாவில் நீரிழிவுக்காரர்கள் சுமார் 10.1 கோடிப் பேர் என்று, சென்னை நிறுவனம் ஒன்று முன்னின்று நடத்திய தேசிய ஆய்வு 2023-இல் கணித்திருக்கிறது. டாபாகிளிஃப்ளோஸினின் காப்புரிமை இங்கே முன்னரும், எம்பாகிளிஃப்ளோஸினின் காப்புரிமை 2025-இலும் முடிவடைந்ததால் அவற்றின் விலை இறங்கியிருக்கிறது. ஆயினும் மூலிகைப் பொடிகளின்மேல் நம்மவர்க்குள்ள ஆசை குறைந்துவிடவில்லை. அந்த ஆசை முற்றிலும் பொருளற்றதும் அன்று. நம் சிறுகுறிஞ்சான் இலையை மென்றபின் வெல்லத்தை வாயிலிட்டால் சிறிது நேரம் இனிப்பே தெரியாது. அதிலுள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்புணரும் புரதத்தைப் பற்றிக்கொள்வதே காரணம். ஆனால் நாக்கில் நிகழ்வதைக் கண்டு ரத்தத்திலும் அப்படியே நிகழும் என்று முடிவுகட்டுவது, கசப்பைக் கண்டு ஜுரமருந்து என்று தீர்மானித்ததற்கு ஒப்பாகும்.

தாவரம் மனிதனுக்குத் தந்தது முதலில் ஒரு கேள்வியே. விடை சிறுநீரகத்தைப் படித்தவர்களிடமிருந்தும், புரதங்களைப் பிரித்தவர்களிடமிருந்தும், ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் பொறுமையாகச் சோதித்தவர்களிடமிருந்தும் வந்தது. ஏறக்குறைய 180 ஆண்டுகள் சென்றன. எந்தப் பொருள், எந்த உறுப்பில், எந்தப் புரதத்தின்மேல், எவ்வளவு அளவில், யாருக்குத் தீங்காக வேலை செய்கிறது என்ற கேள்விகளுக்கு ஈடுகொடுத்து நின்றதனால்தான் ஆப்பிளின் வேர் மருத்துவமனைக்குள் நுழைந்தது. சிறுகுறிஞ்சானைப் போற்றுகிறவர்கள் அதற்குச் செய்யக்கூடிய மெய்யான மரியாதை, வைத்தியர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு அதன் பொடியை விழுங்குவதில் இல்லை. அதையும் இதே கேள்விகளின் முன் நிறுத்தி, விடை எதுவாயினும் ஏற்றுக்கொள்வதில் இருக்கிறது.