முளையாத பற்கள்



குழந்தைக்கு முதற்பல் அரும்பியதும் பல்லுக்கொழுக்கட்டை அவித்து உற்றாரோடு மகிழ்வது நம்மவர் வழக்கம். பல் முளைப்பது சில மாதங்கள் பிந்தினால் அஞ்சவேண்டியதில்லை. ஆயினும், இரண்டு வயதாகியும் ஒரு பல்லேனும் தோன்றாத பிள்ளைகளும், தோன்றிய இரண்டொரு பற்களும் ஆணிபோற் கூம்பி நிற்கும் பிள்ளைகளும் அரிதாக உளர். இவர்களுட் பலருக்குத் தலைமயிர் ஐதாயிருக்கும், தோல் வறண்டிருக்கும், வியர்வை மிகக் குறைவு. இந்நிலையை மருத்துவர் எக்டோடேர்மல் டிஸ்பிளேசியா என்பர்.

பல்லுக்கும் வியர்வைக்கும் யாது தொடர்பு? தாயின் வயிற்றிலே கரு உருவாகும்போது அதன் வெளிப்படையிலிருந்தே மேற்றோலும், மயிரும், நகமும், வியர்வைச் சுரப்பியும் தோன்றுகின்றன. பல்லின் அரும்பும் அங்கேயே தொடங்குகிறது. அவ்வளர்ச்சியை நெறிப்படுத்தும் பரம்பரையலகு பழுதுபட்டால் இவை யாவும் ஒருங்கே குன்றுகின்றன.

இன்று பாகிஸ்தானில் உள்ள சிந்து மாகாணத்து இந்துக் குடும்பமொன்றைப் பற்றிச் சாள்ஸ் டார்வின் 1875ஆம் ஆண்டில் எழுதியுள்ளார். நான்கு தலைமுறைகளிற் பத்து ஆண்களுக்கு இரு தாடைகளிலுமாகப் பன்னிரண்டு பற்களே இருந்தன. அவர்கள் இளமையிலேயே வழுக்கையாயினர், வெயிற்காலத்தில் துன்புற்றனர். பெண்கள் எவரும் பாதிக்கப்படவில்லை. எனினும் அவர்கள் வழியாகவே ஆண்மக்களுக்கு அது சென்றது. பழுதுற்ற பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதே இதற்குக் காரணம். பெண்ணுக்கு அந்நிறமூர்த்தம் இரண்டு; ஒன்றின் குறையை மற்றையது பெரும்பாலும் ஈடுசெய்யும். ஆணுக்கோ ஒன்றே. அந்தப் பரம்பரையலகு 1996இல் இனங்காணப்பட்டது. ஆகவே, தாய் உண்ட உணவையோ, முற்பிறப்பு வினையையோ காரணங்காட்டி அவளைப் பழிப்பது பெருந்தவறு.

இப்பிள்ளைகளுக்கு உயிராபத்து விளைப்பது பல்லின்மையன்று, வெப்பமே. வியர்வையின்றி உடல் குளிர்வதில்லை. காரணம் புலப்படாத காய்ச்சல் அடிக்கடி வரும். நிழல், குடிநீர், ஈரத்துணி ஆகியவையே இவர்களுக்குக் காவல். நண்பகல் வெயிலில் விளையாட மறுக்கும் மாணவனைச் சோம்பேறி என்று ஆசிரியர் தண்டித்தலாகாது.

இனி, பற்களைப் பார்ப்போம். பல் முளைக்கும் இடத்திலேதான் தாடையின் விளிம்பெலும்பு உயர்ந்து வளரும். பல் இல்லையெனின் அது மெலிந்து, முகத்தின் கீழ்ப்பாகம் முதியோருடையது போற் சுருங்கும். மெல்லுதலும் பேச்சும் தடைப்படும். ஆதலால் மூன்று வயதளவிலேயே கட்டுப்பல் பொருத்தலாம். கூம்பிய பற்களுக்குப் பல்நிறப் பசையால் உரிய வடிவம் கொடுப்பர். ஆனால் வளரும் பிள்ளைக்குச் சட்டை சிறுத்துவிடுவதுபோலக் கட்டுப்பல்லும் பொருந்தாது போகும். அவ்வப்போது புதிதாகச் செய்தல் வேண்டும். ஒருமுறை செய்துவிட்டுக் கைவிடுவதால் பயனில்லை.

தைற்றேனிய உலோகத்துடன் எலும்பு உறுதியாக ஒட்டிக்கொள்ளும் என்பதைச் சுவீடன் நாட்டறிஞர் பிரனெமார்க் கண்டறிந்து, 1965இல் முதன்முறையாக ஒருவரின் தாடையில் உலோக வேரைப் பதித்தார். அத்தகைய வேரின்மேல் நிலையான பல்லைப் பொருத்தலாம். அதனை ஏன் சிறுவயதிலேயே செய்யக்கூடாது? இயற்கைப் பல் தாடையோடு சேர்ந்து இடம்பெயரும். உலோக வேரோ பதித்த இடத்திலேயே நின்றுவிடும். தாடை வளர, அப்பல் பள்ளத்தில் அமிழ்ந்ததுபோலாகும். எனவே வளர்ச்சி முடியும்வரை பொதுவாகத் தாமதிப்பர். கீழ்த்தாடையின் முன்பகுதியிற் பற்களே இல்லாத சிலருக்கு மட்டும் முன்னரே பதிப்பதுண்டு.

இக்குறையுடன் கருவுற்றிருந்த மூன்று ஆண் சிசுக்களுக்குக் கருப்பையினுள்ளேயே வேண்டிய புரதம் செலுத்தப்பட்டதையும், பிறந்தபின் அவர்களுக்கு வியர்வை சுரந்ததையும் ஜேர்மனிய மருத்துவர் 2018இல் அறிவித்தனர். பிறந்து வளர்ந்துவிட்ட பிள்ளைக்கோ, காலத்தோடு பல் வைத்தியரிடம் காட்டுவதே வழி.

பெற்றோரே, பல் முளையாமையோடு வியர்வையின்மையும் கண்டால் காத்திராதீர்கள். ஆசிரியர்களே, “பொக்கைவாயன்” என்னும் பட்டப்பெயர் வகுப்பில் ஒருநாளும் ஒலிக்கவிடாதீர்கள். வாயைக் கையால் மறைத்துப் பேசும் பிள்ளை, நாளடைவிற் பேசுவதையே நிறுத்திவிடும். பல்லை வைத்தியர் கொடுப்பார். பேசும் துணிவை நாமே கொடுத்தல் வேண்டும்.