தோட்டத்துக் குரலும் தொலைக்காட்சி மேடையும்

பேராக் மாநிலத்து இரப்பர் தோட்டங்களில் பாட்டுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மாரியம்மன் திருவிழா வந்துவிட்டால், காலையில் பால்மரம் வெட்டிய கைகளே இரவில் ஒலிவாங்கியைப் பிடிக்கும். அத்தோட்டங்களுள் பல இன்று செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. அங்கே பாடியவர்களின் பிள்ளைகள் ஈப்போவுக்கும் புந்தோங்கிற்கும் குடிபெயர்ந்துள்ளனர். அக்குரல்கள் தோட்டத்து எல்லையைத் தாண்டாமற் போனது ஏன் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டு. இலங்கை மலையகத்துச் சிறுமி ஒருவரின் கதை இதற்கு ஓரளவு விடை தருகிறது.

தோட்டத் தொழிலுக்காகத் தமிழர் இலங்கை மலையகம் சென்று 200 ஆண்டுகள் நிறைந்ததை மக்கள் நினைவுகூர்ந்த ஆண்டு 2023. அவ்வாண்டில் அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 இலங்கை ரூபாய். அத்தகைய தோட்டக் குடும்பத்தில், கண்டி மாவட்டத்துப் புசல்லாவையில் வளர்ந்தவர் அசானி. ஜீ தமிழ்த் தொலைக்காட்சி சென்னையில் நடத்திய 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' போட்டியில் பாட அவர் புறப்பட்டார்.

இத்தகைய போட்டிகளில் நாம் திரையில் காண்பது பிற்பகுதியை மட்டுமே. முதலில் குரல் தேர்வு நடைபெறும். பலரைக் கேட்டுச் சிலரைப் பொறுக்குவர். அந்நாள் கடந்துவிட்டால் பொதுவாகக் கதவு மூடியதுதான். பின்னரே வாரச் சுற்றுகளும் நடுவர் தீர்ப்பும். சில போட்டிகளில் நேயர் வாக்கும் உண்டு. 2004ஆம் ஆண்டில் நம் நாட்டின் 'மலேசியன் ஐடல்' பட்டத்தை ஜெக்லின் விக்டர் வென்றபோது, நேயர்கள் கைப்பேசிக் குறுஞ்செய்தி வழி வாக்களித்தனர். அவர் அதற்குமுன் பல ஆண்டுகள் சிறு மேடைகளில் பாடி வந்தவர். "ஒரே இரவில் புகழ்" என்று பத்திரிகைகள் எழுதும்போது இந்த ஆண்டுகளை யாரும் கணக்கிற் சேர்ப்பதில்லை!

அசானி சென்னையை அடைந்தபோது தேர்வு முடிந்திருந்தது. பயண ஏற்பாடுகள் தாமதமானதே காரணம், குரலில் குறையில்லை. ஆயினும் அவரைப் பாடச் சொல்லிக் கேட்டனர். கேட்டபின் மேடையில் தொடர்ந்து பாட இடமளித்தனர். பட்டத்தை வென்றவர் யாழ்ப்பாணத்துக் கில்மிஷா. ஆனால் போட்டி முடியுமுன்பே, தோட்டத்துப் பிள்ளையாகிய அசானியின் பெயரும் தமிழர் வாழும் நாடுகளுக்கெல்லாம் எட்டிவிட்டது.

மூடிய கதவு எல்லாருக்கும் இவ்வாறு திறக்கும் என்று நாம் நம்பியிருக்கலாகாது. வெளிநாட்டு மேடைக்குக் கடவுச்சீட்டு வேண்டும். அதற்கு அடிப்படை பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும். தீபகற்ப மலேசியாவில் குழந்தை பிறந்த 60 நாட்களுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் பதிய வேண்டும். பிந்தினால் அது தாமதப் பதிவாகும். கூடுதல் சான்றுகள் கேட்பர். பிள்ளைக்கு 12 வயதானதும் அடையாள அட்டை எடுக்க வேண்டும். இவ்வேலைக்காக ஈப்போ சென்று வர ஒரு நாள் சம்பளம் போகும் என்பதை நாம் அறிவோம். பாட்டுப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் அந்த ஒரு நாளையும் சேர்த்தே ஒதுக்கி வைக்கவும்.