பாதி ரேடியோ, பாதி கார்

எலெக்ட்ரிக் கிடாரின் சரித்திரத்தில் முதல் வரிசையில் நிற்கும் லியோ ஃபெண்டருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். 1954-ல் அவர் கம்பெனி கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் கழற்றிப் பார்த்தால் அந்த மெக்கானிக் புத்தி தெரியும். கழுத்து நான்கே ஸ்க்ரூவில் நிற்கிறது. பிக்கப், சுவிட்ச், வால்யூம், டோன் எல்லாம் ஒரே தகட்டில் தொங்குகின்றன. தகட்டைத் தூக்கினால் கிட்டத்தட்ட மொத்த வயரிங்கும் கூடவே வந்துவிடும். பெயின்டுக்கும் அவர்கள் வெகுதூரம் போகவில்லை. கார்களுக்கு அடிக்கும் டுபான்ட் பெயின்டையே அடித்தார்கள். ஸ்ட்ராட்டில் பிரபலமான ‘ஃபியஸ்டா ரெட்’, ஃபோர்டு தண்டர்பேர்ட் காரில் வந்த சிவப்பு.

ஆகவே, செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்ட்ராட்டோ, அதன் நகலோ கைக்கு வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ரேடியோக் கடை வேலை கொஞ்சம், கார் பட்டறை வேலை கொஞ்சம். இதில் முதலாவதைத் தாராளமாகச் செய்யுங்கள், இரண்டாவதற்கு அவசரப்படாதீர்கள் என்பது என் கட்சி. வாங்கியவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். கலர் பிடிக்கவில்லை என்று முதலில் உப்புத்தாளை எடுத்துவிடுகிறார்கள்.

வயரிங் நிலவரம் தெரிய, கிடாரைத் திறக்கக்கூட வேண்டாம். கேபிளைச் சொருகி, வால்யூமை முழுதாகத் திருப்பி, கேபிளின் மறுமுனையில் மல்டிமீட்டரை வையுங்கள். ஒரு காந்தத் தொகுதியைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஏறக்குறைய 8,000 சுற்று சுற்றியதுதான் ஸ்ட்ராட்டின் பிக்கப். மீட்டர் 5 முதல் 7 கிலோ ஓம் வரை காட்டினால் சுருள் உயிரோடு இருக்கிறது. எண் அதைவிட மிக அதிகமாக ஏறினாலோ, முள் அசையவே இல்லையென்றாலோ உள்ளே எங்கோ கம்பி அறுந்திருக்கிறது.

அடுத்தது இரைச்சல். ஒற்றைச் சுருள் பிக்கப் ஏரியல் மாதிரி; வீட்டுக் கரன்டின் 50 ஹெர்ட்ஸ் முனகலை இழுத்துக்கொள்ளும். கிடார் கம்பியில் கை வைத்ததும் முனகல் அடங்கினால் எர்த் சரியாக இருக்கிறது. கை வைத்தால் கூடுகிறதா? ஜாக்கில் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கும். கை வைத்தாலும் எடுத்தாலும் ஒரே மாதிரி என்றால், பின்பக்கக் குழியில் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரும்புத் துண்டைப் பாருங்கள். அதில் பற்றவைத்த எர்த் வயர் விட்டுப்போயிருக்கும்.

அந்த வயரை மறுபடி பற்றவைப்பதில்தான் பலர் தோற்கிறார்கள். இரும்பு கனமானது, வைக்கிற சூட்டையெல்லாம் குடித்துவிடும். 25 வாட் அயர்னை வைத்தால் ஈயம் உருண்டையாக மேலே உட்கார்ந்திருக்கும். விரலால் தட்டினால் கழன்று விழும். 60 வாட் வேண்டும். அதற்கு முன் மேல்பூச்சை உப்புத்தாளால் சுரண்டி, வெறும் உலோகத்தைக் காட்டவேண்டும். அயர்னை வைத்துக் காத்திருந்து, ஈயத்தை அயர்னில் தொடாமல் இரும்பில் தொட்டால், அது தண்ணீராகப் பரவிப் பளபளக்கும். வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் ‘பாட்’டின் முதுகில் எர்த் பற்றவைப்பதும் இதே கதைதான். ஆனால் அங்கே சூடு அதிக நேரம் போனால் உள்ளே இருக்கும் கார்பன் பாதை கருகிவிடும். சில விநாடியில் கையை எடுத்துவிட வேண்டும்.

சாமான் வாங்கச் சென்னை ரிட்சி தெருவுக்குப் போகிறவர்கள் 250 கே பாட் என்று மட்டும் கேட்காமல் ‘ஏ’ வகை என்று சேர்த்துக் கேளுங்கள். ‘பி’ வகையை வால்யூமுக்குப் போட்டால், முக்கால்வாசி திருப்பியும் சத்தம் குறைந்தமாதிரி இருக்காது. கடைசியில் திடீரென்று செத்துவிடும். டோனுக்கு 223 என்றோ 473 என்றோ அச்சடித்த கெப்பாசிட்டர் போதும். சில ரூபாய்தான். இதையே ‘விண்டேஜ்’ என்று சொல்லி ஆயிரக்கணக்கில் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அளவு மாறினால் ஓசை மாறும். கம்பெனி மாறினால் மாறுவது பர்ஸின் கனம்தான்.

கழற்றியதுதான் கழற்றினீர்கள், ஒரு சின்ன வேலையையும் சேர்த்துச் செய்யலாம். ஸ்ட்ராட்டின் பழைய வயரிங்கில் பிரிட்ஜ் பக்கத்து பிக்கப்புக்கு டோன் கிடையாது. காதில் குத்துகிற கூர்மையான ஓசை வருவதும் அதிலிருந்துதான். சுவிட்சில் ஒரே ஒரு துண்டு வயர் போட்டால் கீழ் டோன் அதற்கும் வேலை செய்யும். ஃபெண்டர் ஆட்களே எல்லாவற்றையும் முன்கூட்டி யோசித்துவிடவில்லை. முதலில் வந்தது மூன்று நிலை சுவிட்ச். இரண்டு நிலைகளுக்கு நடுவே அதை நிறுத்திவைத்து, இரண்டு பிக்கப்பின் ஓசையைச் சேர்த்து வாங்கினார்கள் வாசிப்பவர்கள். ஐந்து நிலை சுவிட்சைக் கம்பெனி கொடுத்தது 1977-ல்.

இனி பெயின்ட். பூச்சை எடுத்தால் ஓசை திறக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ரிஷிகேஷிலிருந்து திரும்பிய அதே 1968-ல் பீட்டில்ஸின் ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் தங்கள் எபிஃபோன் கசினோக்களை வெறும் மரமாகச் சுரண்டினார்கள். கசினோ உள்ளே கூடானது. மெல்லிய பலகை அதிரும். கட்டையாகச் செதுக்கிய ஸ்ட்ராட்டில் பெயின்டால் பெரிய வித்தியாசம் வரும் என்று நான் நம்பவில்லை. அழகுக்காக என்றால் செய்யுங்கள். விலை குறைந்த கிடார்களில் இருக்கும் பாலியஸ்டர் பூச்சு கெட்டி ஓடு, உப்புத்தாளுக்கு மசியாது. ஹீட் கன் வைத்துத் தகடு தகடாகப் பெயர்க்க வேண்டும். பிறகு பட்டி, பிரைமர், வாட்டர் பேப்பர் என்று கார் பட்டறை முறைதான். மேலே நைட்ரோ லேக்கர் என்றால் மெல்லிய கோட்டாகப் பல கோட், அப்புறம் வாரக்கணக்கில் பொறுமை. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் இந்த வேலையே வேண்டாம். ஈரக் காற்றில் தின்னர் ஆவியாகும்போது பூச்சுக்குள் தண்ணீர் மாட்டி, கறுப்பு கிடார் வெள்ளை பூத்துவிடும். இரண்டு பாகம் கலக்கிற பி.யூ. பெயின்ட் சீக்கிரம் காயும். ஆனால் அதன் கெட்டிப்படுத்தியில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்கு எமன். அதைக் காற்று வசதியும் தகுந்த மாஸ்க்கும் உள்ள பட்டறையில் கொடுத்துவிடுவதுதான் புத்தி.

அசல் பூச்சை எடுத்துவிட்டால் பழைய ஃபெண்டரின் விலை ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது சந்தைக் கணக்கு. பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோருக்கு அந்தக் கணக்கு செல்லவில்லை. 1970-ல் நியூயார்க்கில் மேனீஸ் கடையில் அவர் வாங்கிய கறுப்பு ஸ்ட்ராட், சன்பர்ஸ்ட் நிறத்தின் மேல் கறுப்பு அடித்தது. அதன் பிக்கப்பை மாற்றினார், கழுத்தை மாற்றினார், கூடுதல் சுவிட்ச் வைத்தார், ஓட்டை போட்டு அடைத்தார். 2019-ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது.

நாம் கில்மோர் இல்லை என்பதால் அயர்னைச் சூடாக்கும் முன் பாட் முதுகைப் பாருங்கள். பழைய அமெரிக்க பாட்களில் எண் அடித்திருக்கும். 1376612 என்றால், 137 சி.டி.எஸ். கம்பெனி, 66 வருஷம், 12 வாரம்; அதாவது 1966 மார்ச். உங்கள் கிடாரில் அப்படி ஓர் எண் அகப்பட்டால், எடுத்த ஸ்க்ரூக்களை அப்படியே திருப்பி மாட்டிவிட்டு, விவரம் தெரிந்த ஒருவரிடம் விலை கேளுங்கள்.